மாடத்தி பேரில் ஒரு கம்பெனி

விஸ்வநத்தம் கிழக்குத் தெருவில் அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள். பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர். ஏழு குடங்களையும் ஒரு டிரம்மையும் வரிசையாக வைத்து, குழாய்க்கு நேராகக் குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தாள் மாடத்தி. மற்ற காலமாக இருந்தால் இந்நேரம் குழாயடியில் நாலு சண்டை நடந்திருக்கும். யார் குடத்தை யார் நகர்த்தியது என்று மூன்று தலைமுறைக் கதை வெளியே வந்திருக்கும். இப்போது அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாலே பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஜெயிலிலிருந்து வந்து பன்னிரண்டு நாளாகியும் இந்த ஒதுக்கம் மட்டும் அவளுக்குப் பழகவில்லை.

"முறை உங்களுதுதான, நீங்க பிடிங்க" என்றாள், பின்னால் நின்றவளிடம்.

"இருக்கட்டும், இருக்கட்டும். மொதலாளியம்மா பிடிச்சு முடிக்கட்டும்."

அப்படிச் சொன்னால் முன்பெல்லாம் தெருவே சிரிக்கும். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மாடத்தி நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள்.

அப்போதுதான் ஸ்கூட்டரில் வந்த பெண் போலீஸ் ஒருத்தி இறங்காமலே கேட்டாள். "மாடத்திங்கிறது யாரு? நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு விருதுநகர் போலீஸ் ஆபீசுக்கு வந்துருங்க. மதுரையில இருந்து பெரிய மேடம் வாராக. கம்பெனி சம்பந்தமா வீட்டுல இருக்கிற பேப்பர் எல்லாம் எடுத்துட்டு வரணும்."

"எங்கிட்ட ஏது தாயீ பேப்பரு? ரேசன் கார்டுதான் இருக்கு."

"அதையும் எடுத்துட்டு வாங்க."

மாடத்திக்கு ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது ஆனைக்குட்டத்தில். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தும் பருத்தி எடுத்தும் பிழைத்தவர்கள். மழை இல்லாமல் காடு காய்ந்துபோன ஒரு வருஷம், ஒன்பது வயதில், விடிவதற்கு முன்னால் வருகிற பஸ்ஸில் ஏற்றித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கே குச்சி அடுக்கிய விரல்கள் பதினெட்டு வயதில் பட்டாசுக்கு மாறின. லோடு ஏற்றுகிற ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு விஸ்வநத்தம் வந்தாள். குழந்தை இல்லை. குடித்துக் குடித்தே அவன் நாற்பது வயதில் போய்ச் சேர்ந்த பிறகு, அவளுக்கு மிச்சமிருந்தது ஆனைக்குட்டத்தில் தம்பி ஊர்க்காவலன் வீடும், பட்டாசுக் கம்பெனியும்.

கம்பெனியில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. கைராசிக்காரி. தீபாவளி முடிந்து அடைத்துக் கிடக்கும் கம்பெனியை அடுத்த சீசனுக்குப் பூஜை போட்டுத் திறக்கும்போது, முதல் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்க ஒரு கை வேண்டும். அந்த வருஷம் பூராவும் ஒரு பொறி பறக்காமல் ஓட வேண்டுமென்றால் அந்தக் கை நல்ல கையாக இருக்க வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. பக்கத்துக் கம்பெனிகளில் இரண்டு முறை வெடித்தபோதும், மாடத்தி கைவைத்த இடத்தில் பதினோரு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி புகழேந்தி வருஷா வருஷம் ஒரு சேலையும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்து, எல்லாரும் பார்க்க அவள் கையில் கொடுப்பார். அதைக் கட்டிக்கொண்டு இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்வருவாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் புகழேந்தியின் கார் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. கார் நின்றதே தெருவுக்குத் திருவிழா. உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாடத்தி, புதுசா ஒரு கம்பெனி தொடங்குறேன். உன் கைராசிக்கு உன் பேர்லயே ஆரம்பிச்சிருவோம்னு இருக்கேன். என்ன சொல்ற?"

என்ன சொல்வாள்? சாமி பேரில் கடை வைக்கிறார்கள், பிள்ளை பேரில் லாரி விடுகிறார்கள். அவளுக்குத் தெரிந்து பேரில் ஆரம்பிப்பது என்றால் அதுதான். கூட வந்த கணக்கப்பிள்ளை காட்டிய இடத்தில் எல்லாம், அறிவொளி வகுப்பில் படித்த நாலு எழுத்தை வரிசை பிசகாமல் போட்டாள். ஆதார் அட்டையைக் கொடுத்தாள். ஒரு சின்ன மெஷினில் விரலை வைத்தாள். அவர்கள் போனதும் கடைக்குப் போய்ப் பூந்தி வாங்கி வந்து தெருவில் வீடு வீடாகக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து கம்பெனியில் அவளுக்கு இன்னொரு பெயர் சேர்ந்தது. போர்மேன் சங்கிலிமுத்துதான் ஆரம்பித்து வைத்தான். "மொதலாளியம்மா வாராக, எல்லாரும் எந்திரிங்கப்பா." அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

தம்பி பெண்டாட்டி ரோஜா அதுவரை தீப்பெட்டி ஆபீசில் இருந்தாள். "எங்கிட்டோ போயி கஷ்டப்படுவானேன், மதினி கம்பெனிக்கு வா" என்று அழைத்து வந்தது மாடத்திதான்.

போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு எட்டாம் நம்பர் ரூம் வெடித்தது. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஐந்து பேர் அங்கேயே போய்விட்டார்கள். அதில் ரோஜா ஒருத்தி. மாடத்தி அன்றைக்கு நாலு ரூம் தள்ளி இருந்தாள். காதடைத்து வெளியே ஓடி வந்தவள், எந்த ரூம் என்று பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள், ரோஜாவுக்குப் பால் தெளிக்கப் போன சுடுகாட்டிலிருந்தே போலீஸ் அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. காகிதத்தில் கம்பெனிக்கு உரிமையாளர் மாடத்தி, கணவர் பெயர் லேட் நாகையா. புகழேந்தி என்ற பெயர் அதில் எங்குமே இல்லை. அவர் வக்கீல் மூலம் சொல்லியிருந்தார்: இடம் மட்டும்தான் என்னுடையது, வாடகைக்கு விட்டிருந்தேன், உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. புகார் மனுவில் கீழே கையெழுத்துப் போட்டிருந்தது ஊர்க்காவலன். இருபத்தொரு நாள் மதுரை ஜெயிலில் இருந்தாள். ரோஜாவின் பதினாறாம் நாள் காரியம் அவள் இல்லாமலே நடந்தது.

மறுநாள், விருதுநகர் அலுவலகத்தில் இரண்டாவது மாடியில் ஒரு நீளமான மேசை. அதன் பின்னால் உட்கார்ந்திருந்த பெரிய மேடம் ஜெயசீலிக்கும் மாடத்தியின் வயதுதான் இருக்கும். சாத்தூரில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கம்பெனிகளுக்குப் பின்னால் நிற்கிற ஆள் யார் என்று தோண்டிப் பார்ப்பது அவளுடைய வேலை. பக்கத்தில் ஒரு உதவியாளர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டீகளாம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. மாடத்தி அதற்குத் தயாராக வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒரு பூச்சட்டிக்கு எம்புட்டு மருந்து பிடிக்கும்?"

சைஸ் வாரியாகச் சொன்னாள். திரி எத்தனை விரற்கடை, மழை நாளில் எதைச் செய்யக்கூடாது, எந்தப் பவுடரை எதோடு சேர்த்து வைக்கக்கூடாது, எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. ஜெயசீலி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அதே குரலில், "போன மாசம் கம்பெனிக்குக் கரண்டு பில் எம்புட்டு?" என்றாள்.

"தெரியாதும்மா."

"எந்த பேங்குல கணக்கு இருக்கு?"

"எனக்கா? எனக்கு நூறு நாள் வேலைக் கணக்குதான் இருக்கு."

"கம்பெனிக்கு."

"தெரியாதும்மா."

"பவுடர் யாருகிட்ட வாங்குறீக? லீவு யாருகிட்ட கேப்பீக? சங்கிலிமுத்துவை யாரு வேலைக்குச் சேத்தது?"

"அதெல்லாம் மொதலாளிதான்" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். இந்த அறையில் அந்தச் சொல்லுக்கு யார் அர்த்தம் என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

ஜெயசீலி ஒரு கட்டுக் காகிதத்தைத் திருப்பி வைத்தாள். "இது பூராவும் நீங்க அரசாங்கத்துக்கு அனுப்புனது. இதுல மூணு இடத்துலதான் உங்க கைப்பட போட்ட கையெழுத்து. மிச்சமெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டது. அதுக்குச் சின்னதா ஒரு குச்சி இருக்கும், கம்ப்யூட்டர்ல சொருகணும். உங்க பேர்லதான் வாங்கியிருக்காக. பாத்திருக்கீகளா?"

"இல்லம்மா."

"ஆடிட்டர் மேசை டிராயர்ல இருந்துச்சு. உங்க நம்பர்னு குடுத்திருக்கிற போன், கணக்கப்பிள்ளை கையில இருந்துச்சு. நூறு பங்குல தொண்ணூறு உங்களுது. மிச்சம் பத்து, வாட்ச்மேன் சின்னச்சாமியோடது. அவரைத் தெரியுமா?"

"அவரு செத்து ரெண்டு வருசம் ஆச்சே."

"செத்த பெறகும் ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டிருக்காரு."

உதவியாளர் லேசாகச் சிரித்துவிட்டு, மேடத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜெயசீலி விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். இந்த மாதிரி இன்னும் மூன்று கம்பெனிகள் இருக்கின்றன. ஒன்று சமையல்காரம்மா பேரில், ஒன்று டிரைவர் சம்சாரத்தின் பேரில், ஒன்று தோட்டக்காரர் பேரில். நாலுக்கும் ஒரே ஆடிட்டர், ஒரே போன் நம்பர், வெடிமருந்து இறக்குகிற ஒரே கொட்டகை.

"எல்லாம் ஒரே ஆளை நோக்கித்தான் போகுது. ஆனா கணக்கப்பிள்ளை வரைக்கும் போயி நின்னுருது. அவன், நான் மாடத்தியம்மா சொன்னதைத்தான் செஞ்சேன்கிறான். சங்கிலிமுத்துவும் எழுதிக் குடுத்திருக்கான், நாங்க எல்லாரும் மொதலாளியம்மானுதான் கூப்பிடுவோம், ஒரு ரூமுக்கு ஒன்பது பேரைப் போடச் சொன்னது அவுகதான்னு."

கேலிக்கு வைத்த பெயர் எழுத்தில் ஏறி சர்க்கார் மேசையில் உட்கார்ந்திருந்தது.

"ஏன் கையெழுத்துப் போட்டீக? பயமுறுத்துனாரா? பணம் எதுவும் குடுத்தாரா?"

"சந்தோசமாத்தான் போட்டேன்."

ஜெயசீலி நிமிர்ந்து பார்த்தாள். மாடத்தி கைராசியைப் பற்றிச் சொன்னாள். முதல் பூச்சட்டி, சேலை, பதினோரு வருஷம், பூந்தி. சொல்லச் சொல்ல, அந்த அறையில் அது எவ்வளவு சின்ன விஷயமாக இருக்கிறது என்று அவள் காதுக்கே கேட்டது. ஜெயசீலி உதவியாளர் பக்கம் திரும்பி, "இதை எப்படி எழுதுறது?" என்றாள். அவர் கையை விசைப்பலகையில் வைத்தபடியே இருந்தார்.

"சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. எட்டாம் நம்பர் ரூம்ல ஆள் கூடுதலா இருக்குன்னு அவருக்குத் தெரியுமா? யாராவது அவருகிட்ட சொன்னாகளா?"

"நாந்தான் சொன்னேன்."

வெடிப்பதற்குப் பதினைந்து நாள் முன்னால், வேலை விட்டு வரும்போது ரோஜா சொன்னாள். "மதினி, ரூம்ல கை நீட்ட எடமில்ல. ஒருத்தி முழங்கை இன்னொருத்தி மருந்துத் தட்டுல இடிக்குது. ஓனரு நீதான, ஒரு வார்த்தை சொல்லு." பாதி விளையாட்டு, பாதி நிஜம். கேட்டில் கார் நின்றது. மாடத்தியும் போய்ச் சொன்னாள். கூட்டம் அதிகமா இருக்கு மொதலாளி, பயமா இருக்குங்காக. புகழேந்தி கண்ணாடியை இறக்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஏப்பா சங்கிலிமுத்து, மொதலாளியம்மா உத்தரவு போட்டுட்டாக. நாளையில இருந்து ரூமுக்கு நாலு பேருதான். மிச்ச அஞ்சு பேருக்கும் அவுக வீட்டுல வச்சு சோறு போடுவாக. ஆர்டருக்கு என்ன பதில்னும் அவுகளே சொல்லிருவாக."

கேட்டில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சங்கிலிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெண்டாட்டியைக் கூட்டிப்போக டிவிஎஸ்ஸில் வந்து காத்திருந்த ஊர்க்காவலன் சிரித்தான். ரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாடத்தியும் சிரித்தாள். கார் போய்விட்டது.

ஜெயசீலி மெதுவாகக் கேட்டாள். "இதை அவரு சொன்னப்போ கேட்ட ஆளு யாரு யாரு?"

"எட்டாம் நம்பர் பிள்ளைகதான் பக்கத்துல நின்னதுக." அதில் பிழைத்த நாலு பேரில் இரண்டு பேர் இன்னும் ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார்கள். மற்ற இருவரும் புகழேந்தியின் இன்னொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். "சங்கிலிமுத்து. பெறகு என் தம்பி."

"ஊர்க்காவலனா? புகார் குடுத்தவரா?" ஜெயசீலியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு மாற்றம் தெரிந்தது. "கேளுங்கம்மா. ஒரு கம்பெனிக்கு ஓனரு யாருன்னா, பேப்பர்ல பேரு இருக்கிற ஆளு இல்ல. யாரு சொன்னா நடக்குமோ, யாரு சொன்னா நிக்குமோ அவருதான். ஆளைக் குறைங்கனு நீங்க சொன்னீக, நடக்கல. அவரு சிரிச்சாரு, அதோட முடிஞ்சிருச்சு. அவருக்குத் தெரியும், எல்லாம் அவரு கையிலதான் இருந்துச்சுங்கிறதுக்கு இது போதும். ஆனா நீங்க சொன்னா செல்லாது, நீங்க குற்றம் சாட்டப்பட்டவங்க. செத்தவளோட புருசன் சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"பேப்பர்ல இருக்கிறது உங்க பேரு."

நாளை மறுநாள் பத்து மணிக்கு வரச் சொல்லி அவனுக்குச் சம்மன் அனுப்புவதாகச் சொன்னாள். எழுந்து வாசல்வரை வந்தவள், "நீங்க போயி அவருகிட்ட இதைப் பத்திப் பேசக்கூடாதும்மா. சாட்சியைக் கலைச்ச மாதிரி ஆயிரும். அவரா வந்து சொன்னாத்தான் உங்களுக்கு நல்லது" என்றாள்.

மாடத்தி சரி என்றுதான் சொன்னாள். சிவகாசி பஸ்ஸில் ஏறி விஸ்வநத்தத்துக்குப் போகவும் நினைத்திருந்தாள். ஆனைக்குட்டம் விலக்கில் பஸ் நின்றபோது இறங்கிவிட்டாள்.

ஊர்க்காவலன் முன்னறையில் தரையில் போர்வையை மடித்துப் போட்டு, மகள் கீர்த்திகாவின் பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கிய ரோஜாவின் படம் சுவரில் இருந்தது. நாலைந்து பேர் வந்தால் நிறைந்துவிடும் அறை அது. இப்போது பெரிதாகத் தெரிந்தது.

"வா" என்றான், நிமிராமல்.

"புள்ள எங்கன?"

"டியூசன்."

"காலரை மொதல்ல தேய்க்கணும்டா. இப்படிக் குடு." கையை நீட்டினாள். அவன் பெட்டியைக் கொடுக்கவில்லை. அவள் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"மேடம் என்னைய உங்கிட்டப் பேசக்கூடாதுன்னாக. சாட்சியைக் கலைச்ச மாதிரி ஆயிருமாம்."

"பெறகு எதுக்கு வந்த?"

"தம்பி வீட்டுக்கு வந்தேன்."

ஒரு கை முடிந்து மறுகை தேய்த்தான். பிறகு அவனாகவே சொன்னான். "உம் பேரை நான் சொல்லலக்கா. அவுகளா எழுதிட்டு வாசிச்சாக. ஓனருனு உம் பேரு வந்துச்சு. நிறுத்துங்கனு சொல்லணும்னு எனக்குத் தோணல."

"ஏம்லே தோணல?"

"ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது நீதான? எங் கம்பெனி, எங் கம்பெனினு. அவ தீப்பெட்டி ஆபீசுலயே கெடந்திருப்பா. கூலி கொறவு, ஆனா கெடந்திருப்பா."

ஜெயிலில் இருபத்தொரு நாளும் மாடத்தி தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் இதைத்தான்.

"நெசந்தான்" என்றாள். "அதுக்கு நீ என்னைய என்ன செஞ்சாலும் தகும். ஆனா அன்னைக்குக் கேட்டுல அவரு சொன்னதை நீயும் கேட்டேல்ல?"

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"கேட்டேன்."

"அதைத்தான் கேப்பாக. அம்புட்டுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அம்புட்டுதானா?" அவன் முதல் தடவையாக அவளைப் பார்த்தான். "அவரு சொன்னாருங்கறதோட விடுவாகளா? நீ அப்ப என்ன செஞ்சனு கேப்பாக. எம் பொண்டாட்டி பயமா இருக்குன்னு சொல்லி விட்டிருக்கா, நான் வண்டியில சாஞ்சு நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தேன்னு எழுதுவாக. பேப்பர்ல போடுவான். கீர்த்திகா எட்டாவது படிக்குதுக்கா. பேப்பர் வாசிக்கத் தெரியும்."

"நானும்தான்டா சிரிச்சேன். சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நீ சொல்லலாம். கீர்த்திகா அப்பானு கூப்பிடுறது என்னைய."

துணி கருகுகிற வாசனை வந்தது. அவன் பெட்டியை அவசரமாகத் தூக்கி நிறுத்தி வைத்தான். சட்டைப் பைக்கு மேலே மஞ்சளாக ஒரு கறை விழுந்திருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை.

மாடத்தி கையூன்றி எழுந்து அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அந்தாளு இன்னும் மூணு கம்பெனி வச்சிருக்காருடா. எல்லாம் என்னைய மாதிரி ஒருத்தி ஒருத்தன் பேர்ல. நீ வாயைத் திறக்கலைன்னா, ரோஜாவைக் கொன்னது நான்னு எழுதி மூடிருவாக. எழுதட்டும், நான் போயி உள்ள இருக்கேன். எனக்குப் பின்னால அழ யாரு இருக்கா? ஆனா நீயும் அப்படித்தான் நெனைக்கிறியா? அதை மட்டும் எனக்குச் சொல்லிரு. நாளை மறுநா வருவியா, மாட்டியா?"

ஊர்க்காவலன் சுவிட்சை அணைத்தான். ஒயரைச் சுற்றிப் பெட்டியின் மேல் வைத்தான். சூடு ஆறாத சட்டையை மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அவளைச் சுற்றி நடந்து, கறையைக் கழுவ வெளியே போனான்.